உத்திரமேரூரில் ஐந்து நாள்

என் கணவருக்குக் கணக்குத் தணிக்கை உத்தியோகம். வருஷத்தில் பாதி நாள் வெளியூர்களிலேயே கழியும். பிள்ளைகள் படித்து முடித்து அவரவர் பிழைப்பைத் தேடிக்கொண்டு போன பிறகு, வெறும் வீட்டில் தனித்திருப்பானேன் என்று, வாசலைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டில் ஒப்படைத்துவிட்டு நானும் அவருடன் புறப்படுவது எங்கள் வழக்கமாயிற்று. காலை பத்து மணிக்கு அவர் பேரேடுகளின் நடுவே போய் உட்கார்ந்தால் மாலை ஐந்தரைக்குத்தான் எழுந்திருப்பார். இடைப்பட்ட பொழுது முழுவதும், யாரையும் அறியாத அந்த ஊரும் நானுமாக இருப்போம். அப்படிப் போன ஊர்களில் சில, திரும்பி வந்த மறு வாரமே மறந்துபோயின. உத்திரமேரூர் மறக்கவில்லை.

காஞ்சீபுரத்திலிருந்து பேருந்தில் தெற்கே சென்றோம். பாலாற்றையும் பிறகு செய்யாற்றையும் கடந்து, மாகறல் வழியாகப் போகும் அந்தச் சாலையின் இரு மருங்கும் தை மாதத்துக் கதிர் சாய்ந்து கிடந்தது. வரப்புக்கு அப்பால் ஓர் ஏரிக்கரை முடிந்தால் சிறிது தூரத்தில் இன்னோர் ஏரிக்கரை தொடங்கியது. மழையைத் தேக்கி வைத்தாலன்றி ஒரு பிடி நெல்லும் விளையாத இந்தப் பூமியில், ஊர் என்பதே ஏரியைச் சுற்றி ஏற்பட்ட ஏற்பாடு என்பதைப் புத்தகத்தில் படித்ததைவிடப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தபோது எனக்கு நன்றாக விளங்கிற்று. உத்திரமேரூரில் ஒரு வீட்டின் மாடியறை எங்களுக்குக் கிடைத்தது. மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும், "கல்வெட்டுக் கோயில் எங்கே இருக்கிறது?" என்று கீழ்வீட்டு அம்மாளிடம் கேட்டேன். வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு உள்ளூரில் அந்தப் பெயர்தான் வழங்குகிறது. "நேரா போம்மா, பஸ் ஸ்டாண்டு பக்கந்தான். ஆனா உள்ளே பெருசா ஒண்ணும் இருக்காது, வெறும் செவுரும் எழுத்துந்தான்" என்றார். எனக்கு வேண்டியிருந்ததும் சுவரும் எழுத்துமே.

இவ்வூரின் பூர்வோத்தரம் எட்டாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. காஞ்சியில் நெடுங்காலம் ஆண்ட இரண்டாம் நந்திவர்ம பல்லவன், ஏறக்குறைய 750ஆம் ஆண்டை ஒட்டி, வேதம் வல்ல வைணவ அந்தணர்களைக் குடியேற்றி இதைச் சதுர்வேதி மங்கலமாக நிலைபெறச் செய்தான். உத்தரமேரு, வடமேரு என்ற பெயரையே வழக்கில் உத்திரமேரூர் என்று குழைத்துக்கொண்டோம். அவனுக்குப் பின் வந்த தந்திவர்மன் காலத்துச் சாசனங்கள் வைரமேக தடாகம் என்ற ஏரியைக் குறிக்கின்றன. வைரமேகன் என்பது அம்மன்னனின் விருதுப் பெயர். அந்த ஏரியில் தூர்வாரி வண்டல் எடுப்பதற்கென்று மக்கள் முதல் வைத்து, அதன் பலிசையைக்கொண்டு ஆண்டுதோறும் வேலை நடக்கும்படி செய்தார்கள். பல்லவர், சோழர், இடையில் படையெடுத்து வந்த இராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன், பின்னர் பாண்டியர், சம்புவராயர், விஜயநகரத்தார் என்று ஆண்டவர்கள் மாறிக்கொண்டே போக, ஊர்ச்சபை மட்டும் தன் காரியங்களைக் கல்லில் பொறிப்பதை நிறுத்தவில்லை. ஏறத்தாழ இருநூறு சாசனங்கள் இவ்வொரு சிற்றூரின் கோயில்களில் உள்ளன.

வைகுண்டப் பெருமாள் கோயில், கீழ்வீட்டு அம்மாள் சொன்னபடியே, கண்ணைப் பறிக்கும் கோயில் அன்று. கோபுரம் இல்லை, தேர் ஓடும் வீதி இல்லை. ஒரு கருவறை, அதன் முன் ஒரு மண்டபம், அவ்வளவே. இந்த மண்டபத்தில்தான் ஊர்ச்சபை கூடியது என்பது அறிஞர் பலருடைய துணிபு. கருங்கல் சுவர்களில் கைக்கு எட்டும் உயரத்தில் வரிசை வரிசையாகத் தமிழும் இடையிடையே கிரந்தமும் கலந்த எழுத்துக்கள் ஓடுகின்றன. நான் போன முதல் நாள் பத்தரை மணிக்கு வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கிவிட்டபடியால், கல்லும் எழுத்தும் ஒரே நிறமாகி எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அங்கே காவல் பார்த்த பெரியவர் என் அவஸ்தையைக் கண்டு, "நாளைக்கு ஏழு மணிக்கு வாங்கம்மா, பக்கவாட்டிலே வெயில் விழும்போதுதான் எழுத்து எழுந்திருக்கும்" என்றார். மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். கிழக்கே இருந்து சாய்ந்து வந்த வெளிச்சத்தில் ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கி, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உளி நின்ற இடமும் திரும்பிய இடமும் தெரிந்தன. 'எழுந்திருக்கும்' என்று அவர் சொன்னது முற்றும் உண்மை.

இந்தச் சுவரை உலகம் அறியச் செய்தவர்களைச் சொல்லாமல் மேலே போவது முறையன்று. 1898இல் சென்னைக் கல்வெட்டுத் துறையார் இச்சுவரிலுள்ள இரு பெருஞ்சாசனங்களையும் படியெடுத்து, அவ்வாண்டின் தொகுப்பில் முதல் இரண்டு எண்களாகப் பதிவு செய்தனர். கல்லைக் கழுவித் துடைத்து, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் மெல்ல அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்கி, பிறகு மைப்பொட்டலத்தால் ஒற்றி எடுப்பார்கள். மேடு கறுத்து, எழுத்து வெள்ளையாக நிற்கும். வெயிலில் காகிதம் உலர்ந்து கிழிவதற்குள் முடிக்கவேண்டிய, கைநுணுக்கமும் பொறுமையும் வேண்டும் வேலை அது. அந்தப் படிகளை வைத்துக்கொண்டு வி. வெங்கையா 1904-05ஆம் ஆண்டின் தொல்லியல் அறிக்கையில் மொழிபெயர்ப்புடன் விரிவாக எழுதினார். பிறகு நீலகண்ட சாஸ்திரியார் சோழர் நிர்வாகத்தைப் பற்றிய தம் ஆராய்ச்சியில் இதற்குத் தலையாய இடம் கொடுத்தார். 1970இல் பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் சேர்ந்து இவ்வூரைப் பற்றி ஒரு தனி நூலே புதுச்சேரியிலிருந்து வெளியிட்டார்கள்.

சாசனங்கள் இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை: ஒன்று அவனுடைய பன்னிரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 919, மற்றொன்று பதினான்காம் ஆண்டு, 921. என் மனத்தை முதலில் பற்றியது அவற்றில் சொல்லப்படும் குடவோலைத் தேர்வு முறை அன்று. உத்தியோகப் பிரயாணமாக இவ்வூருக்கு வந்த இரண்டு அரசாங்க அதிகாரிகளின் பெயர்கள். 919இல் அரசனுடைய ஆணையுடன் சபையோடு உடனிருந்தவன் தத்தனூர் மூவேந்தவேளான். 921இல் அவ்வாறு இருந்தவன் சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டு ஸ்ரீவங்கநகரத்தைச் சேர்ந்த சோமாசிபெருமான். காவிரி நாட்டிலிருந்து இந்தத் தொண்டை மண்டலத்துக்கு எத்தனை நாள் நடையோ, எத்தனை சத்திரமோ! அவர்களுடன் மனைவியர் யாரேனும் வந்திருந்தால், கணவன்மார் சபையில் இருந்த நேரத்தில் அந்தப் பெண்கள் இந்த மாடவீதிகளில்தான் நடந்து பொழுது போக்கியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே நான் சுவரைச் சுற்றி வந்தேன்.

வாரியம் என்னும் ஊர்க் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது பற்றிய முதல் ஆணை இரண்டே ஆண்டில் திருத்தப்பட்டதற்கு, அதனால் வந்த குறைகளே காரணமாயிருக்க வேண்டும். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு போன்றது குடும்பு. குடவோலைக்குப் பெயர் எழுதப்படுபவன் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாக, தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவனாக, வேதம் கற்றுப் பிறருக்கு ஓதுவிக்க வல்லவனாக இருக்கவேண்டும். ஒரு வேலி என்பது ஆறேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு; ஆகவே கால் வேலி ஒன்றே முக்கால் ஏக்கருக்கும் உட்பட்டது. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றுத் தேர்ந்தவனுக்கு அரைக்கால் வேலி இருந்தாலே போதும் என்று, கல்விக்காக நிலத்தில் சலுகை கொடுத்தார்கள். வயது முதல் சாசனத்தில் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள்; இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்தவன் மீண்டும் வரக்கூடாது.

தேர்வு நடந்த விதத்தைப் பள்ளிப் பாடத்தில் இரண்டு வரியில் படித்திருக்கிறோம். சாசனத்தில் அது கண்ணால் கண்டாற்போல் இருக்கிறது. இளைஞர் முதியோர் அனைவரும் சபையில் கூடுகிறார்கள். அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர்கூட விடுபடாமல் உள் மண்டபத்தில் அமர்கிறார்கள். அவர்களுள் மூத்தவர் ஒருவர் எழுந்து, எல்லாரும் காணும்படி, தாம் மேல்நோக்கியவாறு குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். குடும்பு வாரியாகக் கட்டிய ஓலைக் கட்டுகள் அதில் இருக்கின்றன. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அதே சிறுவன் எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை வாங்கும்போது ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருந்து மாற்றிவிடாமல் இருப்பதற்காக! அவன் வாசித்த பெயரை அங்குள்ள நம்பிமார் அனைவரும் மறுபடி வாசிக்கவேண்டும். அதன் பிறகே அது எழுதிக்கொள்ளப்படும். இவ்வாறு முப்பது குடும்புக்கும் முப்பது பேர். அவர்களில் முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து அனுபவம் பெற்றவர்களும் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களுமான பன்னிருவர் ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்கும், வேறு பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்துக்கும் போவார்கள். பதவிக் காலம் 360 நாள். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியே குடவோலை உண்டு.

அந்த விரித்த ஐந்து விரல்களை வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. மனிதர்களை நம்புவதற்கு முன் அவர்களுடைய கையைப் பார்த்தவர்கள் இவ்வூரார்.

மாலையில் என் கணவர் களைத்து வந்தார். சுவரில் கண்டதை நான் சொல்லத் தொடங்கியதும், குடவோலையை விட்டுவிட்டு, "கணக்கைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்றுதான் கேட்டார். இருந்தது, என் அபிப்பிராயத்தில் சாசனத்தின் உயிர்நிலையே அதுதான். எந்த வாரியத்திலாவது இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மீண்டும் குடவோலைக்குப் பெயர் எழுதப்பெறான் என்பதோடு நில்லாமல், அவனுடைய உறவினர் நிரலையும் சபையார் கல்லில் வெட்டினார்கள்: சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு உடன்பிறந்தான், தகப்பனோடு உடன்பிறந்தான், தன்னோடு உடன்பிறந்தான், பெண் கொடுத்த மாமனார், மனைவியோடு உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள், மருமகன், தகப்பன், மகன். ஒருவன் காட்டாத கணக்குக்காக இத்தனை பேரும் விலக்கு! பிறர் பொருளை அபகரித்தவனும், பஞ்சமகாபாதகங்களில் முதல் நான்கில் எதையேனும் செய்தவனும் அந்த விலக்கில் அடங்குவர். ஊர்க் கணக்கு எழுதுகிறவனுக்கும் தனி விதி உண்டு. நேர்வழியில் பொருள் ஈட்டியவனே அதை எழுதலாம். தன் காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் ஒப்பித்துச் சுத்தன் என்று பெயர் வாங்கிய பிறகே மறுபடியும் அந்தப் பொறுப்புக்கு வரலாம். தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்பிக்கவேண்டுமேயன்றி, இன்னொரு கணக்கனை விட்டு முடிக்கக்கூடாது.

"தான் எழுதினதைத் தானே காட்டணும்னு எழுதி வைத்திருக்கிறார்களா?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். முப்பது வருஷத் தணிக்கையில், எழுதினவர் மாற்றலாகிப் போய்விட்டார், வந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்ற பதிலை எத்தனை ஊர்களில் எத்தனை மேஜைகளில் அவர் கேட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

பொன்னைப் பற்றியும் இவர்கள் இதே கண்டிப்போடு இருந்தார்கள். ஊரில் புழங்கும் பொன்னை மாற்றுப் பார்ப்பதற்கு, பொன் அறிந்தவர்களை மாடவீதியிலிருந்தும் சேனையாரிலிருந்தும் எண்ணெய் வாணிகர் குடியிருந்த சங்கரப்பாடியிலிருந்தும் குடவோலையால் எடுத்தார்கள். எல்லாருடைய பொன்னையும் பட்சபாதமின்றி உரைக்கவேண்டும். உரைத்த பொற்பொடி ஒட்டிக்கொள்ளும் மெழுகை ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மெழுகில் ஒட்டிய துகள்கூட ஏரிக்குத்தான் சேரும்!

இனி, நெஞ்சில் உறுத்திய ஒன்றையும் சொல்லவேண்டும். இந்தக் குடவோலைச் சாசனத்தை 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று மேடைகளில் புகழ்கிறோம். 2020 டிசம்பர் 10ஆம் தேதி புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் உத்திரமேரூரை எடுத்துச் சொன்னார். பெருமை நியாயமானதே. ஆனால் அந்தச் சபையின் வாசல் நான்கு தாழ்ப்பாள் போட்ட வாசல். சாதி ஒன்று, நிலம் ஒன்று, வேதக் கல்வி ஒன்று, ஆணாய்ப் பிறந்திருத்தல் ஒன்று. ஏரி நீரில் உழுது விதைத்தவனுக்கும், வண்டல் சுமந்தவளுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அந்த நீண்ட சாசனத்தில் பெண்களை நான் தேடினேன். இருக்கிறார்கள்: சிற்றன்னையாக, பேரன்னையாக, அத்தையாக, உடன்பிறந்தாளாக, மனைவியாக. எதற்காக? கணக்குக் காட்டாத ஒருவனின் உறவு எதுவரை நீள்கிறது என்று அளப்பதற்காக. உறவைக் கோக்கும் நூலாக நிற்கிறார்களேயன்றி, ஒருத்தியும் தன் பெயரில் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் இந்த எண்ணத்தோடு சுந்தரவரதப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். மூன்று தளமாக எழும் விமானம். கீழ்த்தளத்தில் நின்ற கோலம், நடுத்தளத்தில் இருந்த கோலம், மேல்தளத்தில் கிடந்த கோலம். புறச் சந்நிதிகளோடு சேர்த்து ஒன்பது மூர்த்திகள். பாடகத்தைச் சேர்ந்த பரமேசுவரத் தச்சன் இதை ஆகம விதிப்படி எடுத்தான் என்று சாசனம் அவன் பெயரைக் காத்து வைத்திருக்கிறது. சபையின் ஆணையைக் கல்லில் ஏறும்படி எழுதிக் கொடுத்த மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியனும் தன் பெயரைப் பதித்திருக்கிறான். உழைத்தவன் பெயரைக் கல் ஏற்காமல் இல்லை என்பதற்கு இவையே சாட்சி. அன்று பிற்பகல் எனக்குத் திருமுக்கூடல் நினைவு வந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்விடம் இங்கிருந்து வெகு தூரமில்லை. அங்குள்ள வீரராஜேந்திரன் காலத்துச் சாசனம் பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலசாலையைச் சொல்கிறது. அதில் மருத்துவனும் சல்லியக்கிரியை செய்வானும் போலவே, நோயாளருக்கு மருந்து காய்ச்சிக் கொடுக்கும் பெண்கள் இருவருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருக்கிறது. பெயர் இல்லை, ஆனால் வேலையும் கூலியும் கல்லில் இருக்கின்றன. அது எனக்கு ஓரளவு ஆறுதலாயிருந்தது.

பெண்கள் விஷயத்தில் ஒரு விசித்திரமான ஆண்டுக் கணக்கும் உண்டு. இரண்டாம் சாசனம் 921. சென்னை மாகாணச் சட்டசபை, பெண்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று தீர்மானம் செய்தது 1921. சரியாக ஆயிரம் ஆண்டு! அப்பொழுதும் சொத்துடையவர்களுக்கே வாக்கு. கால் வேலி என்ற பேச்சு மறைந்ததே தவிர, அதன் நிழல் மறையவில்லை. 1926இல் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெண்மணி அதே சபைக்கு நியமிக்கப்பட்டார். சொத்தோ படிப்போ ஆண் பெண் பேதமோ பாராமல் வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்பது 1950இல் அரசியலமைப்பு வந்த பிறகே. உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 2016இல்.

நான்காம் நாள் ஏரிக்கரைக்குப் போனேன். கரைமேல் நின்றால் தண்ணீருக்கும் வானுக்கும் எல்லை தெரியாத பெரிய ஏரி. மதகுக்குக் கீழே பெண்கள் நால்வர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கல்வெட்டுக் கோயிலைப் பற்றி நான் பேச்செடுத்ததும், அவர்களுள் மூத்தவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நூறு நாள் வேலையில் இந்த வரத்துக் கால்வாயைத் தாங்கள் வெட்டிச் சீர் செய்ததையும், அளவு குறைந்தது என்று கூலியைப் பிடித்தபோது எல்லாருமாகச் சேர்ந்து போய் அளவுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டதையும் சொன்னார். "காட்டினார்களா?" என்றேன். "காட்டாம விட்டாத்தானே, அம்மா" என்றார்.

ஐந்தாம் நாள் மாலை ஊர் திரும்பவேண்டும். அவருக்கு வேலை முந்தின இரவே முடிந்துவிட்டபடியால், காலை ஏழு மணிக்கு இருவருமாக வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, சுவரோரமாகக் குனிந்து நின்று, எழுத்துக்கூட்டி ஒரே ஒரு சொல்லைத் தாமாகவே வாசித்தார். 'கணக்கு' என்ற சொல் அது. பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் காலையில் ஏழு மணிக்கு முன்பாகவே போய்விடுங்கள். நண்பகலில் போனால் வெறும் கல்லைத்தான் பார்த்துத் திரும்ப நேரும். எழுத்தின்மேல் கையால் தேய்க்காதீர்கள். எண்ணெய்க் கையையோ விபூதிக் கையையோ சுவரில் துடைக்காதீர்கள். சுண்ணாம்புக் கட்டியால் எழுத்துக்கு வெள்ளை பூசிப் படம் எடுக்காதீர்கள். உடன் ஒரு பெண் குழந்தை வந்தால், பக்கவாட்டு வெயிலில் அதை நிறுத்தி, தன் பெயரின் முதல் எழுத்தை அந்தச் சுவரில் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.